பதினோரடி யன்னல்

ஜெயபுரம்
2024 பெப்ரவரி 11

அன்புள்ள மருமகள் நிசாந்தினிக்கு அத்தை அழகம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கு எல்லாரும் சுகம். உன் அப்பன் வீரையாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, வாய் குறையவில்லை. கொழும்புத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

பொங்கலுக்கு வந்தபோது எனக்கு ஒரு சேலை தந்தாய். அது கசங்காமல் இருக்க மடிப்புக்கு நடுவில் ஒரு புத்தகத்தை வைத்திருந்தாய். சேலை நல்ல சேலை, அலுமாரிக்குள் இருக்கிறது. புத்தகம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இந்தக் கடிதம் புத்தகத்தைப் பற்றியது.

போனில் கேட்கலாம்தான். ஆனால் போன் பாலனுடையது. அவன் அதைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பான். என்னைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவன் பதில் சொல்வான். பெற்ற மகன்தான், என்றாலும் எனக்கென்று ஒரு பேச்சு வேண்டும். அதனால் நீயும் கடிதமே எழுது.

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மிச்ச எழுத்தை உர மூட்டையிலும் மருந்துப் போத்தலிலும் நானாகப் படித்தேன். இங்கிலீசு எழுத்தைக் கூட்டி வாசிப்பேன், பொருள் தெரியாது. இந்தப் புத்தகத்துக்கு அதுவும் தேவைப்படவில்லை, பக்கம் பக்கமாக வீட்டுப் படம்தான். கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் தொடுகிறேன். தாள் வழுக்கிக்கொண்டு போகிறது. புது உடுப்புக்கும் புதுப் பெயின்டுக்கும் நடுவில் ஒரு வாசம்.

பதினெட்டாம் பக்கத்தில் ஒரு கோப்பை நிறைய எலுமிச்சம்பழம். ஊறுகாய்க்கும் இல்லை, கரைத்துக் குடிக்கவும் இல்லை, சும்மா இருக்கிறது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. நாலு நாள் பார்த்த பிறகு நானும் ஒரு பேசினில் ஏழு பழம் போட்டு மேசைக்கு நடுவில் வைத்தேன். பாலனின் பெண்சாதி பிரியந்தினி அதில் மூன்றை எடுத்து மீனுக்குப் பிழிந்துவிட்டாள். மீதி நாலும் இன்னும் இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன.

முப்பத்தோராம் பக்கத்தைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். எழுதினால் கடிதம் முடியாது. ஒரு யன்னலும் உட்கார ஒரு கதிரையும், அவ்வளவுதான் அதில் இருப்பது. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இந்த வீடுகளில் விளக்குமாறு எங்கே? சாமிப் படம் எங்கே? ஆட்கள் எங்கே போனார்கள்? இப்படிப்பட்ட புத்தகம் இன்னும் இருந்தால் அனுப்பு.

அன்புடன்
அத்தை அழகம்மா


கொழும்பு
2024 மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

எனக்குக் காய்ச்சலும் இல்லை, தடிமனும் இல்லை. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வைத்திருக்கிறேன். கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அக்கா நகர்ந்து உட்கார்ந்தார்.

அத்தை, அந்தப் புத்தகத்தைப் போடுகிற இடத்தில்தான் எனக்கு வேலை! அப்பா எல்லாரிடமும் "ஆபீஸ்" என்று சொல்லி முடித்துவிடுவார். படம் எடுக்க ஒரு வீட்டுக்குப் போவோம். போனதும் நானும் இன்னொரு பெண்ணும் அந்த வீட்டு விளக்குமாறு, செருப்பு, மருந்து, சாமிப் படம் எல்லாவற்றையும் தூக்கிப் பின் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துவோம். ஆட்களையும் அதற்குள்தான் இருக்கச் சொல்வோம். பிறகு ஆபீஸ் வான் வண்டியிலிருந்து எங்கள் பொருட்களை இறக்கி அடுக்குவோம். எலுமிச்சம்பழம் நான் புறக்கோட்டையில் வாங்கியது.

பழைய இதழ்கள் நாலு, தைலத்தோடு பூநகரி பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். படங்களுக்குக் கீழே உள்ள வரிகளைப் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறேன். அவசரத்தில் எழுதியது, பிழை இருந்தால் திட்டாதீர்கள்.

நான் தங்கியிருக்கும் இடமும் வசதிதான். கவலை வேண்டாம்.

உங்கள்
நிசாந்தினி


ஜெயபுரம்
2024 ஏப்ரல் 7

அன்பு மருமகளுக்கு,

தைலம் முழங்காலுக்கு நல்லது, மூக்குக்கு ஆகாது. மாடுகூடப் பக்கத்தில் வரவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நாலு இதழையும் வரி விடாமல் வாசித்தேன். "ஒளி இந்த அறையின் முதல் விருந்தாளி" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாய். அது உண்மையில் அப்படித்தான் இருக்கிறதா, நீ சேர்த்தாயா? எப்படி என்றாலும் நான் அதைப் பாடமாக்கிவிட்டேன். உன் அப்பனுக்குச் சொன்னேன். "விருந்தாளிக்கு டீ போட்டாச்சா?" என்று கேட்டான். அவனோடு இனி இதைப் பேசுவதில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. ஒரு கதவு, யன்னல் கிடையாது. அதைத் தோட்டத்துத் துரை தீர்மானித்தான். தோட்டத்தை விட்டு இங்கே வந்தபோது கொட்டிலை எந்த இடத்தில் போடுவது என்று ஒரு அதிகாரி தடி நட்டுக் காட்டினார். சண்டை முடிந்து இருந்த முகாமில் கூடாரத்துக்கு நம்பர் தந்தார்கள். கடைசியாக அரசாங்கத் திட்ட வீடு வந்தது. சமையல் குசினி யன்னலைக் கக்கூஸ் பக்கம் பார்த்து வைத்தார்கள். "தம்பி, இதை வயல் பக்கம் திருப்பி வைக்கக் கூடாதா?" என்று கட்ட வந்தவனைக் கேட்டேன். "பிளானில் அப்படித்தான் இருக்கு அம்மா" என்றான். அரசாங்கத்துக்குப் பதினான்கு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. எனக்கு அறுபத்தெட்டு வயது. இதுவரை ஒரு சுவரைக்கூட நான் கேட்டுக் கட்டவில்லை.

இவை பார்ப்பதற்கான புத்தகங்கள் என்று நீ நினைக்கலாம். நான் செய்வதற்கு என்று வாசிக்கிறேன். வீட்டின் வடக்குப் பக்கத்தில் ஒரு அறை கட்டப் போகிறேன். கச்சான் கடலை விற்ற காசு இருக்கிறது, இரண்டு மாட்டையும் விற்பேன். அந்த அறையில் முப்பத்தோராம் பக்கத்து யன்னல் இருக்கும். அதே அளவு, ஒரு அங்குலம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நெல் வைக்கும் அறை என்று பாலனிடம் சொல்லியிருக்கிறேன்.

அளவுக்கு எனக்கு ஒன்று தெரிய வேண்டும். படத்தில் யன்னலோடு ஒட்டி நிற்கிறதே ஒரு கதிரை, அதன் உயரம் எத்தனை அங்குலம்? அது தெரிந்தால் மற்றதை நான் கணக்குப் பார்த்துக்கொள்வேன். உன் அறை யன்னல் எந்தத் திசை பார்க்கிறது? அதையும் எழுது.

அன்புடன்
அத்தை


கொழும்பு
2024 ஏப்ரல் 28

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு வெயில் ஆளை உரிக்கிறது, மற்றபடி சுகம். சித்திரைக்கு லீவு தரவில்லை. அப்பாவிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அறை கட்டும் செய்தி கேட்டு எனக்கு நித்திரையே வரவில்லை! கட்டுங்கள் அத்தை, கட்டாயம் கட்டுங்கள். சுவருக்கு வெள்ளை அடித்தால் வெயில் காலத்தில் கண் கூசும், கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை கேளுங்கள். தரைக்கு வழுக்காத ஓடு போடுங்கள். புது இதழ் ஒன்று அனுப்புகிறேன். அதில் ஒரு மாமரத்தைச் சுற்றிக் கட்டிய வீடு இருக்கிறது, பார்த்தால் மயங்கிவிடுவீர்கள்.

வேலை அதிகம், இத்தோடு நிறுத்துகிறேன்.

உங்கள்
நிசாந்தினி


ஜெயபுரம்
2024 மே 26

அன்பு மருமகளுக்கு,

எங்கள் எல்லாருக்கும் சுகம். உனக்கு மட்டும் கண்ணில் ஏதோ கோளாறு போலிருக்கிறது. இரண்டு கேள்வி கேட்டேன், இரண்டையும் நீ காணவில்லை.

பரவாயில்லை. நானே அளந்தேன். கதிரை எந்த ஊரிலும் கதிரைதானே. எங்கள் வீட்டுக் கதிரை தரையிலிருந்து முதுகு முடிய முப்பத்து மூன்று அங்குலம். படத்தில் கதிரையின் உயரத்துக்கு ஒரு ஈர்க்கை ஒடித்து, அதை யன்னலுக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். சரியாக நாலு ஈர்க்கு. நாலு தரம் முப்பத்து மூன்று நூற்று முப்பத்திரண்டு. பதினோரடி! உயரமும் அப்படியே பார்த்தேன், ஏழடிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. மூன்று நாள் மூன்று தரம் அளந்தேன். பிழை இல்லை.

மேசன் நல்லதம்பியைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், கை சுத்தம், வாய்தான் நீளம். படத்தையும் அளவையும் காட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, சுவர் பதின்மூண்டடி. யன்னல் பதினோரடி. உது யன்னல் இல்லை, சுவர் வைக்க மறந்த இடம்."

"கட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"கட்டுவன். மேல கொங்கிறீட் பீம் போட்டுத்தான் கட்டுவன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

வருகிற வியாழன் நாள் நல்லது. அத்திவாரம் வெட்டுகிறார்கள். அளவில் ஏதும் சொல்வதென்றால் உடனே எழுது. எனக்கு நெஞ்சு இப்போதே படபடவென்று அடிக்கிறது. கலியாணத்துக்குக்கூட இப்படி அடிக்கவில்லை.

அத்தை


ஜெயபுரம்
2024 யூலை 14

மருமகள் நிசாந்தினிக்கு,

நான் எழுதி ஏழு கிழமை, உன் கடிதம் இல்லை. சுகமில்லையோ என்று உன் அப்பனைக் கேட்டேன். "போனில் நல்லாத்தானே கதைக்கிறாள்" என்றான். அப்படியென்றால் சுகம்தான், சந்தோஷம்.

சுவர் எழும்பிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை பீமுக்குக் கீழே முட்டுக் கழற்றினார்கள். பாலன் வயலால் வந்து சைக்கிளை விட்டு இறங்காமலே பார்த்தான்.

"என்னம்மா இது?"

"யன்னல்."

"நெல்லு வைக்கிற அறைக்கு இது எதுக்கு? மயில் வந்து கேட்காமலே சாப்பிட்டுப் போறதுக்கா?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். நெல்லுக்கு இல்லை, எனக்கு என்றேன். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வயலுக்கே போய்விட்டான். உன் அப்பன் தன் பங்குக்கு வந்து நின்று, "அக்கா, இரணைமடுக் குளத்துக்குக்கூட இவ்வளவு அகலத்துக்குக் கதவு போடல. திறந்தா ஜெயபுரம் தாங்குமா?" என்றான். வேலி நிறைய ஆள். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். எல்லாரும் போன பிறகு கதிரையைக் கொண்டுபோய்ப் படத்தில் இருக்கிற மாதிரியே போட்டு உட்கார்ந்தேன். படத்தில் பச்சை, இங்கே மஞ்சள். காய்ந்த வயல், அதற்குப் பின்னால் குளக்கட்டு, கட்டின் மேலே சைக்கிளில் போகிறவர்களின் தலை. யார் யாரோடு போகிறார்கள் என்று இப்போது எனக்குத்தான் முதலில் தெரியும். பிரியந்தினி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள், திரும்பிப் போகவில்லை. அவளும் உட்கார்ந்துவிட்டாள். அன்று சோறு பிந்திவிட்டது.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. படத்தில் அந்த யன்னல் அறைக்குள் அடங்கி நிற்கிறது. இங்கே அறை யன்னலுக்குள் அடங்கி நிற்கிறது. ஏன்?

அத்தை


கொழும்பு
2024 ஓகஸ்ட் 18

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம், முதலில் இதை வாசியுங்கள்.

அந்தக் கதிரை சின்னப் பிள்ளைகளுடைய கதிரை. முழு உயரமே பதினெட்டு அங்குலம்தான். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இப்படிச் சின்னச் சாமான்களை வைப்போம். இது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. வெளியில் சொல்லக் கூடாது என்பார்கள். அந்த யன்னல் உண்மையில் ஆறடி அகலமும் நாலடி உயரமும்தான்.

ஏப்ரலில் நீங்கள் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். கதிரையைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வருமே என்று விட்டுவிட்டேன். மே மாதக் கடிதத்தை ஆபீஸ் வானுக்குள் வைத்து வாசித்தேன். அந்தக் கதிரை அப்போது என் மடியில் இருந்தது. பதினோரடி என்று வாசித்ததும் உடனே சொல்லியிருக்க வேண்டும். போன் எடுத்தால் பாலன் அத்தான் எடுப்பார், நெல் அறைக் கதை உடைந்துவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். எழுதி எழுதிக் கிழித்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை. நான் ஒருவரைக் கேட்டேன், இரண்டு பக்கமும் கல் வைத்துக் கட்டி ஆறடிக்குக் குறைக்கலாமாம். ஐப்பசி மழைக்கு முன் செய்துவிடுங்கள்.

நிசாந்தினி


ஜெயபுரம்
2024 ஓகஸ்ட் 30

நிசாந்தினிக்கு,

சுகம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு புத்தகத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேலே எறிந்தேன். அன்று பின்னேரமே கதிரை வைத்து ஏறி எடுத்தேன்.

நீ பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாய். அந்தப் பதினான்கு கடிதத்துக்கும் பதில் போடாதவர்கள் செய்ததும் இதுதான். அவர்களிடம் நான் அதை எதிர்பார்த்தேன். என் தம்பி பிள்ளையிடம் எதிர்பார்க்கவில்லை.

ஆறடிக்குக் குறைக்கச் சொல்கிறாய். நல்லதம்பியும் அதைத்தான் சொல்கிறார், பாலனும் சொல்கிறான், வேலியில் நிற்பவர்களும் சொல்கிறார்கள். எல்லாரும் ஒரே அளவு சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. படத்து யன்னல் ஆறடி என்றால் அது அந்தக் கொழும்புக்காரருடைய யன்னல். இது நான் அளந்தது, நான் கேட்டது. பிழையாக அளந்தேன், ஆனால் அளந்தது நான். ஒரு கல்லும் வைக்க விடமாட்டேன்.

நீ கேட்டவரிடம் பதினோரடிக்குக் கண்ணாடி கிடைக்குமா என்று கேள். இன்னொன்று. உன் அறை யன்னலைப் பற்றி நான் கேட்டு ஐந்து மாதம்.

அத்தை


கொழும்பு
2024 செப்டெம்பர் 15

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கோபமும் முழங்காலும் குறைய வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

கண்ணாடி கிடைக்கும், ஆனால் ஜெயபுரத்துக்கு உடையாமல் வராது. வந்தாலும் உங்கள் அறையின் விலையைவிடக் கூட.

என் அறைக்கு யன்னல் இல்லை அத்தை. ஒரு பெரிய அறையைப் பலகையால் தடுத்து ஐந்தாக்கியிருக்கிறார்கள். ஐந்து பேர் இருக்கிறோம். என்னுடையது நடுவில் இருக்கிறது. பகலிலும் லைட் போட வேண்டும். அப்பாவுக்குத் தெரியாது.

உங்களிடம் இருக்கும் முப்பத்தோராம் பக்கத்தின் இன்னொரு பிரதியைக் கிழித்து என் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். அந்தக் கதிரையை வைத்தது நான். யன்னலுக்கு வெளியே தெரிகிற பச்சை, வாடகைக்கு எடுத்த பதினெட்டுப் பூச்சாடி. அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சுவர். எல்லாம் தெரிந்துதான் ஒட்டினேன். காலையில் கண் விழித்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறேன், பார்த்ததும் மனம் ஒரு துள்ளுத் துள்ளுகிறது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

நிசாந்தினி


ஜெயபுரம்
2024 ஒக்டோபர் 27

அன்பு மருமகளுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், லைட்டை அணைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்சம் வெயிலில் நிற்கவும் வேண்டும். எனக்கு வேலைமேல் வேலை, முழங்காலைப் பார்க்க நேரமில்லை.

உன் அறை விஷயத்துக்கு நான் உன்னைத் திட்டப் போவதில்லை. அது உன் குற்றமில்லை. படத்தை ஒட்டியதற்கும் திட்ட மாட்டேன். நான் அதைப் பார்த்து இரண்டு மாடு விற்றவள்.

இப்போது நடந்ததைக் கேள். இந்த மாதம் பத்தாம் திகதி இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியும் இல்லை, கதவும் இல்லை, பதினோரடி திறந்து கிடக்கிறது. சாரல் பாதி அறைக்கு அடித்தது. பாலன் ஓடிப்போய்ப் பரணிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்தான். நீலத் தறப்பாள், முகாமில் கூடாரத்துக்குத் தந்த பிளாஸ்டிக் விரிப்பு. எங்கே வைத்திருந்தானோ. கயிற்றோடு இருந்தது. ஒரு முனையைக் கட்டியும்விட்டான்.

"அவிழ்டா" என்றேன்.

"மழைக்கு மட்டும்தானேம்மா. ரெண்டு நாளைக்கு."

"முகாமிலும் ரெண்டு நாளைக்கு என்றுதான் சொன்னாங்க."

அவன் கையை எடுத்தான். பிறகு அவனே அவிழ்த்து, மடித்து, மாட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுபோனான். அன்று மழை முடியும் வரை நானும் பிரியந்தினியும் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தோம். மழை விட்டதும் பாலன் வாசலில் நின்று சொன்னான்: "அம்மா, கார்த்திகை மழைக்கு முன்னம் இதை நீங்க மூடாட்டி நான் கல்லு வைச்சு மூடுவன். வீடு நனையுது." பாலன் சொன்னால் செய்வான். என் மகன்.

ஐந்து கிழமை தவணை. கதவு செய்ய மரம் விலை கேட்டேன், தலை சுற்றியது. தகரம் என்றார்கள், அறைக்குள் அடுப்பு மாதிரி வேகும். கடைசியில் முழங்காவில் ஊரில் வழி கிடைத்தது. மருந்துக்குப் போய்விட்டு வரும்போது ஒரு பழைய பலசரக்குக் கடைக்கு உருட்டுக் கதவு பூட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்கு முன்னால், மண்ணில், பழைய கடைப் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. உனக்குத் தெரியும்தானே, காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே வைப்பார்கள், பின்னேரம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பூட்டுவார்கள். முதிரைப் பலகை. ஒவ்வொன்றிலும் பெயின்டால் நம்பர். நான் பஸ்ஸை விட்டுவிட்டு என் முழத்தால் அளந்தேன். பதின்மூன்று பலகை. பதினான்கு இருந்தால் பதினோரடி!

முதலாளி சிரித்தார். "அம்மா கடை போடப் போறீங்களோ?"

"யன்னல் போடப் போறேன்."

ஒன்பதாம் நம்பர் காணாமல் போய் எத்தனையோ வருடமாம். உன் அப்பன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தான். வழியெல்லாம் கேலி. இறக்கி வைத்த பிறகு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்தான் அக்கா" என்றான். நாற்பது வருடத்தில் அவன் என்னிடம் ஒப்புக்கொண்ட முதல் விஷயம். நல்லதம்பி மேலேயும் கீழேயும் பலகை நுழையக் காடி வெட்டிச் சட்டம் அடித்தார். ஒன்பதாம் பலகைக்குப் பனை மரத்தில் ஒன்று அறுத்துப் போட்டார். "இந்த அளவுக்கு யன்னல் கட்டினது நான்தான் எண்டு இனி ஆரும் கேட்டால் சொல்லுவன்" என்றார்.

இரண்டு நாளாக ஊரே குழம்பிப்போய் இருக்கிறது. காலையில் பலகை கழற்றினால் பருப்பு இருக்கிறதா என்று கேட்டு வருகிறார்கள். நேற்று ஒரு பிஸ்கட் லொறி வந்து நின்றது. "அம்மா, எத்தனை பெட்டி இறக்க?" என்றான். பிரியந்தினி சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். பாலன் மட்டும் சிரிக்கவில்லை. மழை வரட்டும், பார்ப்போம் என்கிறான். நானும் அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

அத்தை


கொழும்பு
2024 நவம்பர் 10

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு இரவு பகலாக மழை, எனக்குத் தடிமன், ஆனாலும் இதை நின்றுகொண்டே எழுதுகிறேன்! கடைப் பலகை! எங்கள் ஆபீசில் இருபது வருடம் இந்த வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கும் இது தோன்றியிருக்காது. பிரியந்தினி அக்கா பாலன் அத்தானின் போனில் ஒரு படம் அனுப்பினார். எங்கள் ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு இது எந்த ஊர், யார் வடிவமைத்தது என்று கேட்டார். என் அத்தை என்றேன். படம் எடுக்கலாம் என்றார். அறையிலிருக்கும் உங்கள் கட்டிலையும் மூட்டையையும் கொடியில் கிடக்கும் துணியையும் எடுத்துவிட்டு, உங்களையும் கொஞ்ச நேரம் பின்னால் இருக்கச் சொல்ல வேண்டுமாம். அத்தை சம்மதிக்க மாட்டார் என்று உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். பிழை என்றால் திட்டுங்கள்.

என் அறையைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு வேறு இடம் பார் என்றார். பார்க்கிறேன்.

மழை அங்கு எப்படி? பாலன் அத்தான் கல் வாங்கிவிட்டாரா? உடனே எழுதுங்கள்.

உங்கள்
நிசாந்தினி


ஜெயபுரம்
2024 டிசெம்பர் 8

அன்பு மருமகளுக்கு,

எல்லாரும் உயிரோடும் உலர்ந்தும் இருக்கிறோம். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. ஆசிரியருக்கு நீ சொன்ன பதில் சரி. கட்டில் வேண்டாம், ஆள் வேண்டாம் என்றால் அவர் பலகையை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், தேத்தண்ணீர் தருவேன்.

கல் வாங்கிவிட்டானா என்று கேட்டாய். வாங்கிவிட்டான். முந்நூறு கல், முற்றத்தில் அடுக்கி வைத்திருந்தான், நான் நடக்கும் வழியில். போன மாதக் கடைசியில் மழை வந்தது. நாலு நாள் விடவில்லை. குளம் முட்டி வழிந்தது, வயல் எல்லாம் ஒரே தண்ணீர், பள்ளத்து வீட்டு ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வாடைக் காற்று நேராக என் யன்னலுக்குத்தான் அடித்தது.

பதினான்கு பலகையையும் போட்டுக் குறுக்குக் கம்பியை இறுக்கினோம். பாலன் டோர்ச் லைட்டோடு வந்து ஒவ்வொரு பொருத்தாகத் தடவிப் பார்த்தான். முதல் நாள் பார்த்தான். இரண்டாம் நாளும் பார்த்தான். பனம் பலகையின் கீழே மட்டும் ஒரு விரல் ஈரம். அவன் போய்ப் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்து அடித்தான்.

மூன்றாம் நாள் பகல் மழை கொஞ்சம் சரிந்து பெய்தது. அறை இருட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. காற்றடிக்காத பக்கத்தில் பதின்மூன்றாம் பலகையைக் கழற்றினேன். ஒரு பலகை அகலத்துக்கு மழை தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துப் பன்னிரண்டையும் கழற்றினேன். குளக்கட்டு தெரிந்தது, தண்ணீர் அதற்கு மேலால் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பாலன் வந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். பின்னால் நின்று பார்த்தான். "பதினொண்டையும் எடுங்கம்மா, மதகு தெரியும்" என்றான்.

இப்போது ஒவ்வொரு காலையும் நான்தான் சொல்கிறேன், இன்றைக்கு எத்தனை பலகை என்று. வெயிலென்றால் ஐந்து. உன் அப்பன் வம்பளக்க வந்தால் ஒன்று. நேற்றுப் பதினான்கையும் எடுத்தேன். நாற்று நடுகிறவர்கள் வயலிலிருந்து கையைக் காட்டினார்கள், நானும் உட்கார்ந்தபடியே காட்டினேன்.

இந்த மாதக் கடைசி நத்தார் லீவுக்கு வா. கட்டிலை யன்னலோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன், நான் தரையில் படுப்பேன், அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

பாலன் வாங்கிய முந்நூறு கல் அப்படியே கிடக்கிறது. வீணாக விடக் கூடாது. மாடிப்படி உள்ள பக்கங்கள் ஏதும் இருந்தால் வரும்போது கொண்டு வா. பக்கத்தில் என்ன சாமான் நிற்கிறதோ அதன் உண்மையான உயரத்தைப் பென்சிலால் எழுதிவிடு. அவனுக்கு இப்போது சொல்லாதே.

அன்புடன்
அத்தை அழகம்மா